இரும்புக் கடை கான்சல்

போன் வந்தபோது நான் ஒரு பெரிய மனிதரை மைக்கில் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

ராயகிரியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மதியச் சாப்பாட்டுக்கு இலை போடப்போகிற நேரம். பந்தலுக்குள் வேப்பிலை வாடையும் சாம்பார் வாடையும் என் ஆம்ப்ளிபயர் சூடாகிற வாடையும் கலந்து அடித்தன. கையில் மைக். எதிரில் பெரிய பிளக்ஸ். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. அதனால் பிளக்ஸை வாசிக்கிற மாதிரி முறைத்துப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். பிளக்ஸைத் தலைகீழாகக் கட்டியிருந்தாலும் என் அறிவிப்பு நேராகத்தான் வரும்.

"நமது விழாக் கமிட்டியின் கௌரவத் தலைவர், ஏழைகளின் பங்காளர், ரைஸ்மில் அண்ணாச்சி அவர்கள் இதோ வந்து அமர்ந்துவிட்டார்கள்" என்று இழுத்தேன். அண்ணாச்சி முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் வந்து அமர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நானும் ஒரு மணி நேரமாக அவரை வரவைத்துக்கொண்டே இருந்தேன்.

சட்டைப் பையில் போன் துடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். என் தங்கச்சி பேச்சியம்மாளின் வீட்டுக்காரன் செல்லத்துரையாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் தறி மெக்கானிக். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில், துணி மில்லில் வேலை. அந்த நாட்டின் பெயர் இன்றுவரை என் வாயில் ஒழுங்காக வந்ததில்லை. அதனால் இங்கே எழுதவில்லை, எழுதி அந்த நாட்டை அவமானப்படுத்த விருப்பமில்லை.

"சொல்லு மாப்ள" என்றேன்.

அந்தப் பக்கம் பொம்பளைக் குரல். இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" மட்டும்தான். அதை வைத்து எவ்வளவு நேரம் பேச முடியும்? மைக்கை அணைத்துவிட்டு போனை அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

அவர் கேட்டார். "யெஸ்" என்றார். இன்னொரு தடவை "யெஸ்" என்றார். பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்தார்.

கொடை நேரத்தில் என் மைக் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும், ஏதோ ஆகிவிட்டது என்று.

கௌரவம் என்கிற பதவி

அண்ணாச்சி என்னை ஜெனரேட்டருக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"வே சுடலை, மனசத் திடப்படுத்திக்கிடும். உம்ம தங்கச்சி மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலியாம். தூக்கத்துலயே முடிஞ்சு போச்சுன்னு சொல்லுதா."

"யாரு சொல்லுதா?"

"அந்த நாட்டுல ஆனரரி கான்சலாம்."

"அப்படின்னா?"

"ஆனரரின்னா கௌரவம்வே. என்ன மாதிரி."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்கள் ஊரில் கௌரவம் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்கு அது புரியாவிட்டால் பிறகு நடந்ததும் புரியாது.

எங்கள் பக்கம் எந்தச் சங்கத்திலும் தலைவர் ஒருவர், கௌரவத் தலைவர் ஒருவர். தலைவர் பந்தல்கால் நடுவார், சமையல்காரரோடு சண்டை போடுவார், மழை வந்தால் தார்ப்பாய் பிடிப்பார். கௌரவத் தலைவர் நன்கொடை கொடுப்பார், மாலை வாங்குவார், போட்டோவுக்கு நிற்பார், போய்விடுவார். வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அது மரியாதைக் குறைவு.

அண்ணாச்சி ஆட்டோ ஸ்டாண்டுக்கும் கௌரவத் தலைவர். அவருக்கு ஆட்டோ ஓட்டத் தெரியாது. கபடிக் குழுவுக்கும் கௌரவத் தலைவர். அவரால் குனிந்து செருப்பை எடுக்க முடியாது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பதவி. அவர் அதை ஒழுங்காகச் செய்தார். நானும் பல வருஷமாக அதை மைக்கில் சொல்லித்தான் சாப்பிடுகிறேன்.

அதனால் அன்றைக்கு ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் அந்தப் பட்டம் காதில் எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பணக்காரி. பேருக்கு ஒரு பதவி. எங்கேயோ ஒரு விழாவில் மாலை வாங்கிவிட்டு வந்து போன் அடிக்கிறாள்.

"அவளுக்கு எப்படி அண்ணாச்சி நெசம் தெரியும்?" என்றேன்.

"அதான் நானும் யோசிக்கேன்" என்றார்.

ஆபீசர் சொல்லட்டும்

பேச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி.

"ஏன் அண்ணே மைக்கு நின்னுச்சு?"

எந்தக் கூட்டத்திலும் வாய் உளறாதவன் நான். அன்றைக்கு உளறினேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். நெஞ்சுவலி, தூக்கம், பொம்பளை, கௌரவம்.

அவள் அழுவாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கௌரவத் தலைவரு மாதிரியா?"

"அப்படித்தான் அண்ணாச்சி சொல்லுதாரு."

"அப்போ அவ ஆபீசர் இல்ல."

"இல்லட்டி."

"ஆபீசர் சொல்லட்டும், பொறவு பாப்போம்" என்று உள்ளே போய்விட்டாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது.

தெரு திணறிப் போனது. கொடையை நிறுத்துவதா, நடத்துவதா? இது சாவு விழுந்த துஷ்டி வீடா இல்லையா? சொந்தக்காரர்கள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். அழ வந்தவர்களுக்குப் பேச்சி காபி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் அதைக் குடித்துவிட்டுப் பஸ் நேரம் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் காலையில் அவள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டு. சாதாரண நாளில் அவ்வளவு பெரிசாக வைக்க மாட்டாள். நான் ஆயிரம் பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன். அந்தப் பூவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் மகள் கோமதி அன்றைக்கு விடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. நான் சொல்லச் சொல்ல இந்தத் தொடரை எழுதுகிறவள் அவள்தான் என்பது வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தன் அப்பாவைப் பற்றிய இந்த வாரத்தை எழுத முடியாது என்று முதலில் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, "சொல்லுங்க மாமா, ஆனா நடுவுல என்னையப் பாக்காதீய" என்றாள். சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெளிநாட்டு நம்பர் மறுபடியும் அடித்தது. கோமதி கையை நீட்டினாள்.

"எடுக்காதட்டி" என்றாள் பேச்சி.

"அம்மா, என்னன்னு கேட்டாத்தான தெரியும்?"

"கேக்க ஒண்ணும் இல்ல. பேருக்கு இருக்கவகிட்ட நமக்கு என்ன பேச்சு? பெரிய தூதரு பேசட்டும். கவர்மெண்டு பேசட்டும்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கோமதி அதை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூதரைத் தேடி

எங்களுக்கு எந்தக் காரியம் என்றாலும் மேலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும். தெருவில் குழாய் உடைந்தால்கூட முதல் மனு கலெக்டருக்கு. கீழே உள்ளவரிடம் போனால் காரியம் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணாச்சி காரிலேயே தென்காசிக்குப் போனோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் "மாண்புமிகு இந்தியத் தூதர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தார். எந்த நாட்டுத் தூதர் என்று கேட்டார். நான் நாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "நிதானமா இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். கோமதி வந்து சொன்னாள்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த நாட்டுல நமக்குத் தூதரகமே கிடையாதும்மா. பக்கத்து நாட்டுல இருக்க தூதர்தான் அதையும் சேர்த்துப் பாக்காரு. நான் மெயில் அனுப்பிடுதேன். அந்த ஊர்லயே ஒரு ஆனரரி கான்சல் இருக்காங்களே, அவங்ககிட்ட பேசினீங்களா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அவங்க கௌரவம் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "வே, எதுக்கும் அந்தம்மா இன்னொருக்கா அடிச்சா எடுத்துப் பாப்போமா?"

"பேச்சிகிட்ட நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏனென்றால் எங்களுக்கு அப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. பேச்சி தூதரைத் தேடவில்லை. தூதர் வந்து "இல்லம்மா, அது தப்பான தகவல்" என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளையின் பட்டத்துக்கு முன்னால் ஒட்டியிருந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டு என் தங்கச்சி தன் புருஷனை உயிரோடு வைத்திருந்தாள். அதை எப்படி அறுப்பது?

வெள்ளிக்கிழமைக் குழி

வியாழக்கிழமை மதியத்துக்குப் பிறகு தூதரகத்திலிருந்தே போன் வந்தது. நம்பர் வேறு. கோமதி எடுத்தாள். பேச்சி தடுக்கவில்லை. கவர்மெண்டு என்று காதில் விழுந்ததுமே எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள், நேரில் வந்துவிட்ட மாதிரி.

கோமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் "ஓகே சார்" என்றாள். பிறகு போனை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, அவரு சொல்லுதாரு, அந்த நாட்டுல எங்களுக்குக் கண்ணு காது எல்லாம் அந்தம்மாதானாம். அவங்க சொன்னா நாங்க சொன்ன மாதிரின்னு சொல்லுதாரு."

பேச்சி சுவரைப் பிடித்தாள்.

"அப்பா இருந்த மில்லு மூடியாச்சாம். மத்தவங்கல்லாம் போயாச்சு. தறியப் பிரிச்சுக் குடுக்க அப்பா மட்டும் தங்கியிருந்திருக்கு. கேக்க ஆளில்ல. வாட்ச்மேன்தான் அப்பா எழுதி வச்சிருந்த உங்க நம்பர எடுத்துக்கிட்டு அந்தம்மா கடைக்கு ஓடிருக்கான். செவ்வாக்கிழமையிலருந்து தெனம் காலைல அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி நிக்காங்களாம். அப்பாவக் குடுக்கணும்னா குடும்பத்துலருந்து ஒரு வார்த்தை வேணுமாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, யாரும் கேக்காத பொணத்தையெல்லாம் ஒரே குழியில..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

நான் எத்தனையோ துஷ்டி வீட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சாவெல்லாம் நடந்து முடிந்த சாவு. அதை அறிவித்தால் போதும். இங்கே சாவு என் தங்கச்சியின் வாய்க்குள் நின்றது. அவன் எங்கள் ஆள் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் செத்துவிட்டான். சொல்லாவிட்டால் அவன் யாருமில்லாதவன். பேர் தெரியாத ஆட்களோடு ஒரே மண்ணில்.

பேச்சி தரையில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் போனப் போடு" என்றாள்.

மூன்று எழுத்து

அந்த அம்மா பெயர் எஸ்தர். கோமதி ஸ்பீக்கரில் போட்டாள். எஸ்தர் பேசப் பேச கோமதி தமிழில் சொன்னாள். அதனால் என் நினைவில் அந்த ஆப்பிரிக்கா அம்மா எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்.

பேச்சி முதலில் கேட்டாள்: "நீ கண்ணால பாத்தியான்னு கேளு."

"பாத்தேன். நேத்தும் பாத்தேன். இன்னைக்கும் பாத்துட்டுத்தான் கடைக்கு வந்தேன்."

"என்ன கடை?"

"இரும்புக் கடை. ஆணி, பைப்பு, தகரம், சிமெண்டு."

"நீ இந்தியாக்காரியா?"

"இல்ல. இந்த ஊருதான். இந்தியாவ நான் பாத்ததே இல்ல."

பின்னணியில் அங்கே யாரோ தகரம் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"சம்பளம் உண்டா?"

"கிடையாது."

"அப்போ எதுக்குத் தெனம் போறே?"

கோமதி இதைக் கேட்கத் தயங்கினாள். "கேளு" என்றாள் பேச்சி. கோமதி கேட்டாள்.

"என் கடை வாசல்ல உங்க நாட்டுப் போர்டு மாட்டியிருக்கு. அதப் பாத்துத்தான் வாட்ச்மேன் ஓடி வந்தான். போர்டயும் மாட்டி வச்சுட்டுப் போகாம எப்படி இருக்க?"

பக்கத்தில் நாற்காலியில் இருந்த அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குத்தவேண்டும் என்று யாரும் பேசவில்லை. எனக்கும் எங்காவது போய் நின்றுகொள்ளலாம் போலிருந்தது.

எஸ்தர் சொன்னார், உடம்பு இவருடையதுதான் என்று உறுதி சொல்ல ஓர் அடையாளம் வேண்டும். பாஸ்போர்ட் மில்காரர்களிடம் மாட்டியிருக்கிறது, வர நாளாகும். நாளைக்குள் வேண்டும்.

பேச்சிதான் சொன்னாள். வலது கையில், முழங்கைக்குக் கீழே, மகள் பெயரைப் பச்சை குத்தியிருக்கும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், கோமதி கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியது. தமிழில் குத்தியது. கோமதி ஒரு தாளில் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

எஸ்தர் கடையைச் சாத்திவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாங்கள் காத்திருந்தோம். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பூக்காரி வந்து குரல் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன் வந்தது.

"எனக்கு உங்க எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தப் பாக்க மாதிரிதான் பாத்தேன். போனக் கைக்குப் பக்கத்துல பிடிச்சுப் பாத்தேன். மூணு எழுத்துன்னு சொன்னீங்க, என் கண்ணுக்கு அஞ்சு உருவமாத் தெரியுது. முதல்ல ஒரு சுழி நிக்கி. கடைசி எழுத்துக்கு மேல ஒரு வளைவு, பாதிக் குடை மாதிரி. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

கோமதி இதைத் தமிழில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவள் முகத்தைப் பார்த்தே பேச்சிக்குப் புரிந்தது.

"எங்க ஆளுதான்னு சொல்லு" என்றாள். "குடுத்துரச் சொல்லு."

பிறகு கையைத் தூக்கித் தலையிலிருந்த பூவைத் தானே எடுத்தாள். மற்றவர்கள் செய்ய வேண்டியதை ஒருவருக்கும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் தெரு அழுதது.

ஓர் அகராதிப் பாடம்

பிற்பாடு கோமதி எனக்கு இந்தப் பட்டங்களை விளக்கினாள். மரமண்டைக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

தூதர் என்பவர் அரசாங்கத்தோடு பேசுகிற அரசாங்கம். கான்சல் என்பவர் ஆட்களுக்காக இருக்கிறவர். பாஸ்போர்ட் தொலைத்தவன், ஜெயிலில் மாட்டினவன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன், செத்தவன் எல்லாம் அவர் கணக்கு. ஆனரரி என்று முன்னால் வந்தால், அவர் சம்பள உத்தியோகஸ்தர் இல்லை, பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருக்கிறவர். பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகவே இருப்பார். தூதரகம் வைக்க முடியாத இடத்தில், "எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒரு நாடு இன்னொரு நாட்டுக்காரரிடம் சொல்லிவைக்கிற ஏற்பாடு. அவர் முத்திரை குத்தினால் அது செல்லும். எல்லாக் காரியத்துக்கும் அதிகாரம் கிடையாது. சிலவற்றுக்கு மேலே கேட்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகைகளில் இதைக் கௌரவத் தூதர் என்று போடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர் தூதரும் இல்லை. எங்கள் ஊர் அர்த்தத்தில் கௌரவமும் இல்லை. வேறு என்ன சொல்வது என்று கேட்காதீர்கள். இரண்டாம் வகுப்பு பாதியில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கோமதி முதல் மெயிலில் மரியாதைக்கு "ஹானரபிள்" என்று போட்டிருக்கிறாள். எஸ்தர் பதிலில் அதைத் திருத்தினாராம். ஹானரபிள் மந்திரிகளுக்கு, எனக்கு ஆனரரி போதும் என்று.

எனக்குத் தெரிந்த மனிதர்

செல்லத்துரை வந்து சேரப் பல நாள் ஆனது. இரண்டு நாடு மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கினான். அண்ணாச்சி தன் காரில் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே வந்தார். அந்தக் கௌரவ கான்சலைப் பார்த்து அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். இந்த வருஷக் கொடைக்கும் அவர் வந்தார், மாலை வாங்கினார், இலையில் உட்காரும் முன்பே போய்விட்டார். ஆனால் அன்றைக்குப் புளியங்குடியில் எலுமிச்சை லாரிகள் வழியை அடைத்து நின்றபோது, அந்தக் கனத்த உடம்போடு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் காட்டி வழி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டையும் பார்த்தவன் நான். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தோம். முகம் தெரிந்தது. பேச்சி பார்த்தாள். கோமதி பார்த்தாள். எரித்தோம்.

காரியம் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒரு சாயங்காலம் எஸ்தர் போன் செய்தார். ஒழுங்காக வந்து சேர்ந்தாரா என்று கேட்டார். கோமதி நன்றி சொன்னாள். நான் பக்கத்திலிருந்து "தேங்க்யூ" என்று கத்தினேன். அது எனக்குத் தெரிந்த நான்காவது இங்கிலீஷ்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தோம். வைக்கவில்லை. தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கோமதி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல ஒரு வரி இருந்துச்சாம். இந்த மனுஷனை எனக்குத் தெரியும்னு. அதுல கையெழுத்துப் போட்டுத்தான் அப்பாவ வாங்குனாங்களாம். ஆனா உயிரோட ஒரு தடவகூட அப்பாவ அவங்க பாத்தது கிடையாதாம். அதே ஊர்ல நாலு வருஷம் இருந்திருக்காரு, கடைக்கு ஆணி வாங்கக்கூட வந்தது இல்லையாம். அந்த வரி மனச உறுத்திக்கிட்டே இருக்காம். அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு கொஞ்சம் சொல்லுங்கன்னு கேக்காங்க."

நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஊரில் யாரைப் பற்றியும் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறவன். அண்ணாச்சியைப் பற்றி அடைமொழியாகவே ஒரு பக்கம் சொல்வேன். செல்லத்துரைக்கு ஒரு அடைமொழியும் வரவில்லை. பொறுமைசாலி, தறிச் சத்தத்தில் காது மந்தமானவன், சிரித்தால் தோள் குலுங்கும். இதையெல்லாம் எந்தப் பிளக்ஸில் போடுவார்கள்?

"இங்க கொண்டா" என்று பேச்சி கையை நீட்டினாள்.

துஷ்டி வீட்டுக்கு வந்த யாரோடும் அவள் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"அவுக சோத்துல ரசம் ஊத்துனா ஓரமா ஒரு குழி பறிச்சுக்கிடுவாக. ரசம் ஓடிரக் கூடாதுல்லா. நான் சிரிப்பேன். கேட்டியாம்மா, என்னைய ஒரு நாளும் பேச்சின்னு கூப்ட்டதே இல்ல. 'இங்கேரு'ன்னுதான் கூப்டுவாக..."

கோமதி பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வரி சொன்னாள். பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. பேச்சி நிறுத்தவில்லை. ராயகிரிக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சட்டையில் ஒரு பித்தான் இல்லாமல் வந்ததையும், தறியில் விரல் மாட்டினபோது கத்தாமல் அவளைத்தான் வெளியே போகச் சொன்னதையும், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்த கஞ்சியில் உப்பை மறந்ததையும் சுத்தத் தமிழில், எங்கள் தெருத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் எழுந்து போன் பக்கம் காதைக் கொடுத்தேன். கட்டாகிவிட்டதோ என்று சந்தேகம். கட்டாகவில்லை. கடையில் யாரோ ஆள் வந்து ஏதோ சாமான் கேட்பது கேட்டது. எஸ்தர் அவரிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் குரல் அடங்கியது. இரும்புச் சத்தமும் நின்றது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று கேட்டது. பேச்சி அடுத்ததைச் சொன்னாள்.